பதினேழாவது ஜோடி

அந்த ஆய்வு நிலையத்தில் அவளை எல்லோரும் மூச்சக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அடையாள அட்டையில் வேறொரு பெயர் இருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் வாசல் காவலாளிகூடக் கையை விரித்துவிடுவார்.

காரணம் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. இங்கே வருவதற்கு முன் பதினாறு வருடம் ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்தவள். ஒரு நாளைக்கு எழுபது எண்பது பேரைப் பலகைக்கு முன்னால் நிறுத்தி, தோளைப் பிடித்து நிமிர்த்தி, "மூச்சை நல்லா இழுங்க... பிடிங்க... அசையாதீங்க... ம், விடுங்க" என்று சொல்லிச் சொல்லி அந்த வார்த்தைகள் நாக்கிலேயே குடியேறிவிட்டன. இப்போது அவள் பார்ப்பது சூரியனுடைய எக்ஸ்ரே. சூரியனை மூச்சுப் பிடிக்கச் சொன்னால் அது கேட்கவா போகிறது? ஆனாலும் திரையில் ஒரு படம் திரண்டு வரத் தொடங்கினால் அவள் வாய் தானாகப் "பிடிங்க" என்று முணுமுணுக்கும். சொல்வதோடு நிற்காமல் தன் மூச்சையும் பிடித்துக்கொள்வாள். பக்கத்து மேசைக்காரர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு அவர்களும் பிடிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

சூரியனில் சில சமயம் திடீரென்று ஒரு மூலை வெடிக்கும். சில நிமிடங்களில் அங்கிருக்கும் வாயு கோடி டிகிரிக்கும் மேல் சூடாகி எக்ஸ்ரேயை வாரி இறைக்கும். அதைப் படமாக்குவதுதான் இவர்கள் வேலை. ஆனால் எக்ஸ்ரேக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. கண்ணாடி வில்லையை வைத்து அதை வளைக்க முடியாது. துளைத்துக்கொண்டு போய்க்கொண்டே இருக்கும். அதனால் விண்வெளியில் சுற்றும் இவர்களுடைய தொலைநோக்கியில் வில்லையே கிடையாது. மெல்லிய உலோகத் தகடுகள்தான். ஒவ்வொரு தகட்டிலும் நெருக்க நெருக்கமாகக் கீற்றுகள் வெட்டியிருக்கும். முன்னால் ஒரு தகடு, கொஞ்சம் தள்ளிப் பின்னால் இன்னொன்று, அதற்கும் பின்னால் வந்து விழும் கதிர்களை எண்ணும் கருவி. இப்படி முப்பது ஜோடி.

இரண்டு ஜன்னல் வலைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பிடித்தால் கருப்பும் வெளுப்புமாகப் பட்டைகள் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு ஜோடித் தகடும் அப்படி ஒரு நிழல் பட்டையை விழவைக்கும். வெடிப்பு நடந்த இடம் மாறினால் பட்டையும் நகரும். பட்டை எவ்வளவு அழுத்தம், எந்தப் பக்கம் எவ்வளவு நகர்ந்திருக்கிறது: ஒரு ஜோடி சொல்வது இந்த இரண்டு எண்களைத்தான். முப்பது ஜோடிக்கும் சேர்த்து அறுபது எண்கள். அந்த அறுபதிலிருந்து ஒரு படம் வந்தாக வேண்டும்.

"அறுபது நம்பரை வெச்சு எப்படிம்மா படம் வரும்?" என்று மகள் ஒருநாள் கேட்டாள். பதினாலு வயது. எதையும் லேசில் நம்பாத வயது.

"ஒரு திருடன் ஓடிட்டான்னு வெச்சுக்கோ. பார்த்தவங்க முப்பது பேர். ஒருத்தர் மூக்கை மட்டும் பார்த்தார், இன்னொருத்தர் காதை மட்டும் பார்த்தார். முழு மூஞ்சியை யாரும் பார்க்கலை. முப்பது பேர் சொல்றதுக்கும் ஒத்துப்போற மாதிரி ஒரு மூஞ்சி வரையணும். அதான் என் வேலை."

"அதுல ஒருத்தர் தப்பா சொல்லிட்டா?"

"திருடனுக்கு மூணாவது காது முளைக்கும்."

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். மூச்சக்காவும் சிரித்தாள். அந்த மூன்றாவது காதுக்கு ஆய்வு நிலையத்தில் பேய் என்று பெயர். கணக்கில் எங்கோ பிசகினால் படத்தில் இல்லாத புள்ளி ஒன்று வந்து உட்கார்ந்துகொள்ளும். கணினிக்கு நிஜப் புள்ளிக்கும் பேய்க்கும் வித்தியாசம் தெரியாது. பதினாறு வருடம் நெஞ்சுக்கூட்டின் சாம்பல் நிழல்களைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தவளுக்குத் தெரியும் என்று நம்பித்தான் அவளை வேலைக்கு எடுத்தார்கள். தபால் வழியில் இயற்பியல் பட்டம் வாங்கியிருந்தாள் என்பது அடுத்தபட்சம்.

அவளுக்கு ஒரு பழக்கம் இருந்தது. எந்தப் படத்தை முடித்தாலும் மூலையில் ஒரு சின்ன 'வ' போட்டுவிடுவாள். வலப்பக்கம் இது என்று அடையாளம். "சூரியன்ல யாருக்குக்கா வலது இடது குழப்பம் வரப்போகுது?" என்று கேலி செய்வார்கள். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள். அந்தப் பழக்கத்துக்குப் பின்னால் ஒரு கதை இருந்தது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. கணவரிடம்கூட.

மருத்துவமனையில் படம் எடுக்கும்போது பலகையின் ஒரு ஓரத்தில் ஈயத்தில் செய்த எழுத்து ஒன்றை ஒட்டுவார்கள். நோயாளியின் வலப்பக்கம் என்றால் 'வ', இடப்பக்கம் என்றால் 'இ'. கதிர் ஈயத்தைத் துளைக்காது என்பதால் எழுத்து படத்தில் வெள்ளையாகப் பதியும். பதினாலு வருடத்துக்கு முன்பு, குழந்தை பெற்று மூன்று மாதம்கூட ஆகாமல் வேலைக்குத் திரும்பி, தூக்கம் என்பதையே மறந்திருந்த நாட்களில், அவள் ஒருவருக்கு எழுத்தை மாற்றி ஒட்டிவிட்டாள். அந்த மனிதருக்கு ஒரு பக்க நுரையீரலைச் சுற்றி முழுக்க நீர் கட்டியிருந்தது. படத்தில் அந்தப் பக்கம் வெள்ளைச் சுவர் போல இருந்ததால் இதயம் எந்தப் பக்கம் என்பதே தெரியவில்லை. டாக்டர் எழுத்தை நம்பி நீரை எடுக்க நல்ல பக்கத்தில் ஊசி குத்தப் போனார். "சார், வலி இந்தப் பக்கம் இல்லீங்க" என்று அந்த மனிதரே சொன்னதால் தப்பித்தார்.

டாக்டர் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். படத்தைக் கழுவிய இருட்டறைக்காரர்தான் அதைத் திருப்பி மாட்டிவிட்டார் என்று அவராகவே முடிவுகட்டி, நடைபாதையில் நாலு பேர் முன்னால் வைத்து இருட்டறைக்காரரை வாங்கு வாங்கென்று வாங்கினார். மூச்சக்கா பக்கத்தில்தான் நின்றாள். வாயைத் திறந்தாள், மூடினாள். மறுவாரம் இருட்டறைக்காரரை ரெக்கார்டு அறைக்கு மாற்றினார்கள். அதற்கப்புறம் எட்டு வருடம், கோப்பு வண்டியைத் தள்ளிக்கொண்டு அவள் அறையைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அவர் நின்று, "என்ன தங்கச்சி, சாப்டியா?" என்று கேட்பார். அதுதான் அவளுக்குத் தாங்க முடியாத தண்டனையாக இருந்தது. திட்டியிருந்தால் தேவலை என்று தோன்றும்.

சரி, சூரியனுக்கு வருவோம்.

முப்பது ஜோடிகளில் ஆறு ஜோடிகளின் கீற்றுகள் மிக மிக நுணுக்கமானவை. அவற்றின் விவரங்களைச் சரியாகத் தொகுக்க நேரமில்லாமல் ஆரம்பத்திலிருந்தே ஒதுக்கி வைத்திருந்தார்கள். நாலு மாதம் முன்புதான் அந்த ஆறையும் சேர்த்துக்கொண்டார்கள். படங்கள் பளிச்சென்று ஆயின. அதற்கப்புறம் வந்த வெடிப்பு ஒன்றில் மூச்சக்கா ஒரு புள்ளியைக் கண்டாள்.

வழக்கமாகப் பெரிய வெடிப்பில் இரண்டு பிரகாசமான புள்ளிகள் தெரியும். ஒரு வளைவின் இரண்டு கால்கள் ஊன்றிய இடங்கள் அவை. இதில் மூன்றாவதாக, கால்கள் இரண்டுக்கும் வெளியே, சம்பந்தமே இல்லாமல் ஒரு மங்கல் புள்ளி. பேய் என்று தள்ளிவிட்டாள். மூன்று வாரம் கழித்து இன்னொரு வெடிப்பிலும் வந்தது. பிறகு மூன்றாவது முறை. இந்தத் தடவை அவள் மூச்சைப் பிடித்தவள் விட மறந்துபோய், பக்கத்து மேசைக்காரர் முதுகில் தட்டவேண்டியதாயிற்று.

முதலில் அவள் காட்டியது அவசரத்திடம். அவசரம் என்பது அங்கே இருந்த ஓர் ஆராய்ச்சியாளரின் பட்டப்பெயர். மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவுவார், தேநீர் ஆறும்வரை காத்திருக்க மாட்டாமல் நாக்கைச் சுட்டுக்கொள்வார், அடுத்தவர் வாக்கியத்தை அவரே முடித்து வைப்பார். நல்ல மனுஷன்தான், நிற்கத்தான் தெரியாது. மூன்று படங்களையும் பார்த்துவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார்.

"அக்கா! இது நிஜமா இருந்தா, வெடிப்புக்கு வெளியில எங்கேயோ ஒரு சூடு. இதை இதுவரைக்கும் யாரும் பார்த்ததில்லை. நான் கட்டுரை எழுதறேன். முதல்ல கண்டது நீங்க. உங்க பேரு ரெண்டாவதா வரும்."

"என் பேரா? நான் படம் சேர்க்கிறவதானே..."

"கண்டவங்க பேரு வராம வேற யாரு பேரு வரும்?"

இதைச் சொல்லிவிட்டு அவர் அடுத்த வேலைக்கு ஓடிவிட்டார். மூச்சக்கா அங்கேயே உட்கார்ந்திருந்தாள். ஆறு வருடத்தில் ஆயிரக்கணக்கான படங்கள் அவள் கையால் போயிருக்கின்றன. ஒன்றில்கூட அவள் பெயர் இருந்ததில்லை. அவளும் அதைப் பெரிதாக நினைத்ததில்லை, அல்லது நினைக்கவில்லை என்று நினைத்திருந்தாள். இப்போது ஆசை வந்துவிட்டது. புள்ளி நிஜமாக இருக்கவேண்டும் என்று சின்னக் குழந்தை போல ஆசைப்பட்டாள். அப்படி ஆசைப்படுவது வெட்கமாகவும் இருந்தது.

பிரிவுத் தலைவியை எல்லோரும் மேடம் என்பார்கள். ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. அதனாலேயே அவரிடம் எல்லோருக்கும் பயம். படங்களை நிதானமாகப் பார்த்தார்.

"அழகாத்தான் இருக்கு. ஆனா பேயும் அழகாத்தான் இருக்கும். வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு இது நிஜம்னு காட்டுங்க, இல்ல பேய்னு காட்டுங்க. நடுவுல நிக்காதீங்க."

அன்று திங்கட்கிழமை.

பேயைப் பிடிக்க ஒரு வழி உண்டு. முப்பது சாட்சிகளில் ஒருவரை வெளியே அனுப்பிவிட்டு மற்ற இருபத்தொன்பது பேரை வைத்து மறுபடி வரைய வேண்டும். பிறகு அவரை உள்ளே கூப்பிட்டு அடுத்தவரை அனுப்ப வேண்டும். நிஜப் புள்ளி என்றால் யார் இருந்தாலும் போனாலும் அசையாது. பேய் என்றால் அது யாரோ ஒருவரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கும். ஒரு வெடிப்புக்கு முப்பது படம், மூன்று வெடிப்புக்குத் தொண்ணூறு. ஒவ்வொன்றுக்கும் புள்ளிகளைச் சுற்றி எல்லை வரைந்து, எத்தனை சுற்று கணக்கிட்டால் படம் தெளியும் என்று பார்த்து, கையாலேயே முடிக்க வேண்டும். கணினியிடம் மொத்தமாக ஒப்படைத்திருக்கலாம். அவள் ஒப்படைக்கவில்லை. புள்ளியைத் தன் கண்ணால் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் போலிருந்தது.

முதல் ஜோடியை நீக்கினாள், புள்ளி இருந்தது. இரண்டாவது, இருந்தது. பன்னிரண்டாவது வரை கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தது. அவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் அவசரம் வந்து எட்டிப் பார்த்து, "இருக்கா?" என்றார். "இருக்கு" என்றாள். பதிமூன்று, இருந்தது. பதினாறு, இருந்தது.

பதினேழை நீக்கினாள். படம் மெல்லத் திரண்டு வந்தது. இரண்டு கால்கள் வந்தன. மூன்றாவது புள்ளி வரவில்லை.

இன்னொரு முறை செய்தாள். வரவில்லை. இரண்டாவது வெடிப்பை எடுத்துப் பதினேழை நீக்கினாள், போய்விட்டது. மூன்றாவதிலும் போய்விட்டது. அவளுடைய புள்ளி முழுக்க முழுக்க ஒரே ஒரு சாட்சியின் பேச்சில் நின்றுகொண்டிருந்தது.

வருத்தமாக இருந்தது. ஆனால் அவள் குணம் விசித்திரமானது. வருத்தத்துக்கு அடியிலிருந்தே இன்னொன்று தலையை நீட்டியது: ஏன் பதினேழு? புதிதாகச் சேர்த்த ஆறு நுணுக்க ஜோடிகளில் மற்ற ஐந்தும் ஒழுங்காக இருக்க, இது மட்டும் ஏன் உளறுகிறது? அந்த ஜோடிக்குப் பின்னால் இருந்த எண்ணும் கருவி பழுதா என்று பார்த்தாள், கருவி நன்றாக இருந்தது. கீற்றின் அகலம், இடைவெளி, சாய்வு என்று ஒவ்வொன்றாக அட்டவணையில் சரிபார்த்தாள், எல்லாம் கச்சிதம். இன்னொரு வேடிக்கை. நாலு மாதத்தில் வந்த பதினொரு பெரிய வெடிப்புகளில் சூரியனின் நடுப்பகுதியில் நடந்தவற்றில் பேய் வரவே இல்லை. விளிம்பு ஓரம் நடந்த மூன்றில் மட்டும்தான் வந்திருக்கிறது. ஓரத்தைக் கண்டால் மட்டும் பொய் சொல்கிற சாட்சி! செவ்வாய், புதன் இரண்டு நாளும் மண்டையைப் பிய்த்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது கணவர் தையல் மெஷினுக்கு முன்னால் தலையில் கையை வைத்து உட்கார்ந்திருந்தார். வீட்டின் முன்னறைதான் அவர் கடை. சுவரோரம் துணிச் சுருள்கள், வெட்டு மேசை, அதில் சுண்ணாம்புக் கட்டி, பெரிய கத்தரிக்கோல். ஒரு பள்ளிக்கூடத்து இசைக்குழுவுக்கு நீலக் கோட்டுகள் தைத்துக்கொண்டிருந்தார். மகள் மேசைக்கு அந்தப் பக்கம் நின்று சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

"என்னங்க ஆச்சு?"

"கேட்காதே."

"அப்பா ஒரு கோட்டுக்கு ரெண்டு இடது கை வெச்சிருக்காரும்மா!" என்று மகள் போட்டு உடைத்தாள்.

மூச்சக்கா கோட்டைத் தூக்கிப் பார்த்தாள். உண்மைதான். இடது கை அழகாகத் தொங்கியது. வலது கை இருக்க வேண்டிய இடத்தில் இன்னொரு இடது கை, உள்பக்கமாக முறுக்கிக்கொண்டு, யாருக்கோ முறைப்புக் காட்டுவது போல நின்றது.

"முப்பது வருஷமா தைக்கிறீங்க, இது தெரியாதா?" என்றாள் கிண்டலாக.

"அதான் ஆத்திரம். அளவெல்லாம் சரி. ஒரு நூல் தப்பில்லை. நீ எப்படி அளந்தாலும் தப்பு கண்டுபிடிக்க முடியாது. துணியைப் பின்பக்கமாப் போட்டு வெட்டிட்டேன், அவ்வளவுதான். இந்தத் துணி ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்து தொலையுது. பூப்போட்ட துணியா இருந்தா பார்த்த உடனே தெரிஞ்சிருக்கும்."

மூச்சக்கா கோட்டைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.

"இன்னொரு தடவை சொல்லுங்க."

"என்னத்தை?"

"அளவெல்லாம் சரி..."

"அளவெல்லாம் சரி, பக்கம்தான் தப்பு. என்ன, குத்திக் காட்டறியா?"

அவள் கோட்டை மேசைமேல் வைத்தாள். அன்றைக்கு அவளிடம் ரெண்டு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச முடியவில்லை என்று கணவர் பிறகு குறை சொன்னார்.

வெள்ளிக்கிழமை காலை துப்புரவுக்காரர்கள் பெருக்கிக்கொண்டிருக்கும்போதே அவள் வந்துவிட்டாள். தகடுகளை விண்வெளிக்கு அனுப்பும் முன், செய்த இடத்திலேயே ஒவ்வொரு ஜோடியையும் உருப்பெருக்கியில் படம் எடுத்து ஒரு தாளில் ஒட்டி அனுப்பியிருந்தார்கள். முன் தகடு ஒரு படம், பின் தகடு ஒரு படம். அந்தப் படங்களைப் பார்த்துத்தான் கீற்றுகள் எந்தப் பக்கம் சாய்கின்றன, அதனால் நிழல் பட்டை எந்தப் பக்கம் ஓடும், இடமா வலமா என்று அட்டவணையில் பதிவது. நாலு மாதம் முன்பு அந்த ஆறு தாள்களையும் பார்த்துப் பதிந்தது வேறு யாரும் இல்லை. மூச்சக்காதான்.

ஒவ்வொரு தகட்டிலும் ஒரு மூலையைச் சின்னதாக நறுக்கியிருப்பார்கள். சூரியன் இருக்கும் பக்கத்திலிருந்து பார்த்தால் நறுக்கிய மூலை வலப்பக்கம் மேலே இருக்கும். ஈய எழுத்துக்குப் பதில் அதுதான் அடையாளம். அவள் தாள்களை மேசையில் வரிசையாகப் பரப்பினாள். நறுக்கு வலப்பக்கம் மேலே. அடுத்ததிலும் வலப்பக்கம் மேலே. பதினேழாவது ஜோடியின் தாளில் இடப்பக்கம் மேலே.

அந்த ஒரு ஜோடியை மட்டும் யாரோ பின்பக்கமிருந்து படம் எடுத்திருக்கிறார்கள். வேறு ஜோடியாக இருந்திருந்தால் சாய்வு கண்ணை உறுத்தி அன்றைக்கே பிடிபட்டிருக்கும். பதினேழின் கீற்றுகளோ கிட்டத்தட்ட நெட்டுக்குத்தாக நிற்பவை. முன்னாலிருந்து பார்த்தாலும் பின்னாலிருந்து பார்த்தாலும் ஒரே மாதிரி, ரெண்டு பக்கமும் ஒரே நிறமான நீலத் துணி மாதிரி. அதிலிருந்த இம்மி சாய்வு பக்கம் மாறிவிட்டது. வலம் ஓட வேண்டிய பட்டையை அவள் இடம் என்று பதிந்துவிட்டாள். வெடிப்பு நடுவில் நடந்தால் பட்டையும் நடுவில் நிற்கும், பக்கம் மாறினாலும் தெரியாது. ஓரத்தில் நடந்தால்தான் பட்டை ஒதுங்கும். அப்போது எதிர்ப்பக்கத்தைக் கைகாட்டிப் பேயை எழுப்பிவிடும்.

அட்டவணையில் அந்த ஒரு சொல்லை மாற்றினாள். மூன்று வெடிப்புகளையும் மறுபடி வரைந்தாள். புள்ளி மூன்றிலும் இல்லை. கால்கள் இரண்டும் மட்டும் முன்னைவிடத் துல்லியமாக நின்றன. ஏன் என்பது புரிந்ததில் அவளுக்கு ஒரு நிமிடம் சந்தோஷமாகவே இருந்தது. அப்புறம்தான் மற்றது உறைத்தது.

ஊரெல்லாம் வலது இடது என்று பாடம் எடுத்தவள். படத்துக்குப் படம் மூலையில் 'வ' போட்டவள். நறுக்கிய மூலையைப் பார்க்காமல் விட்டிருக்கிறாள். மறுபடியும் அதே தப்பு, அதே கை.

அட்டவணையின் கடைசிக் கட்டத்தில், பதிந்தவர் என்ற இடத்தில் 'படப்பிரிவு' என்று மட்டும் இருந்தது. படப்பிரிவில் ஐந்து பேர். யாராகவும் இருக்கலாம். பின்பக்கமிருந்து படம் எடுத்தவர் மேலேயே பழியைப் போட்டுவிடலாம். அவர் எந்தத் தேசத்தில் இருக்கிறாரோ, இந்தப் பேச்சே அவர் காதுக்கு எட்டாது. எதுவுமே சொல்லாமல் "பேய்தான் மேடம், சரி பண்ணிட்டேன்" என்று உட்கார்ந்துவிடலாம். ஒருத்தரும் மேற்கொண்டு கேட்கப் போவதில்லை. நடைபாதையில் நின்றுகொண்டு வாயைத் திறந்து மூடிய அந்த நாள் அப்படியே கண்ணுக்கு முன்னால் வந்தது. கூட்டத்துக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது. அவள் தாளை மடித்துக்கொண்டு, கழிப்பறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

கூட்ட அறையில் பதினைந்து பேர் இருந்தார்கள். அவசரம் முதல் வரிசையில், கட்டுரையின் முதல் பக்கத்தை அச்செடுத்தே கொண்டுவந்திருந்தார். அதில் இரண்டாவதாக அவளுடைய நிஜப் பெயர் இருந்தது. அச்சில் அதைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. யாரோ அந்நியருடைய பெயர் மாதிரி இருந்தது.

அவள் மூன்று படங்களையும் காட்டினாள். புள்ளியோடு, பிறகு புள்ளி இல்லாமல். நறுக்கிய மூலையைக் காட்டினாள்.

"பேய்தான் மேடம். பதினேழாவது ஜோடியோட பக்கம் மாறியிருக்கு."

அறையில் யாரோ உச்சுக்கொட்டினார்கள். அவசரம் கையிலிருந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யார் பதிஞ்சது?" என்றார் மேடம். குரல் உயரவில்லை.

"நான்தான்."

சொல்லியாயிற்று.

"தாளை நான்தான் பார்த்தேன், நான்தான் பதிஞ்சேன். மூலையைப் பார்க்கலை. நாலு மாசமா வெளிய போன படம் எல்லாத்துலயும் இந்தத் தப்பு இருக்கு மேடம். எல்லாத்தையும் திருப்பி வரையணும். வாங்கினவங்களுக்கும் எழுதணும்."

பிறகு முதல் வரிசையிலிருந்து ஒரு கை மெல்ல உயர்ந்தது. அவசரத்தின் கை.

"சரிபார்த்தவர்னு ஒரு கையெழுத்து இருக்குமே மேடம், அது என்னுது. ஆறு தாளையும்... ஒரே நிமிஷத்துல பார்த்துட்டேன்." முகம் சிவந்திருந்தது. "பார்த்தேன்னு கூடச் சொல்ல முடியாது."

மேடம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நாளையிலிருந்து ஒரு ஜோடியை ரெண்டு பேர் தனித்தனியா பதியுங்க. மூலை எந்தப் பக்கம்னு முதல் கட்டத்துலயே எழுதுங்க." பிறகு மூச்சக்காவிடம், "பதினோரு வெடிப்பையும் எப்போ முடிப்பீங்க?"

"அடுத்த வெள்ளிக்கு."

"வாங்கினவங்களுக்குப் போற கடிதத்தை நீங்களே எழுதுங்க. எப்படிக் கண்டுபிடிச்சீங்கன்றதையும் எழுதி, கீழ உங்க பேரைப் போடுங்க."

வெளியே வந்ததும் அவசரம் அச்செடுத்த தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கோபம் இருந்தது, மறைக்கவில்லை. "மூணு நாள் தூங்கலைக்கா நான்" என்றார். "எனக்கும் அது நிஜமா இருந்திருக்கணும்னு ஆசைதான்" என்றாள் அவள். அவர் படியை முதல்முறையாக ஒவ்வொன்றாக இறங்கிப் போனார்.

வீட்டில் கணவர் இரண்டாவது இடது கையைப் பிரித்து, புதிதாக வலது கை வெட்டித் தைத்து முடித்திருந்தார். கோட்டு ஒழுங்காக மாட்டியில் தொங்கியது.

"உன் புள்ளி என்னாச்சு?"

"ரெண்டாவது இடது கைங்க" என்றாள். அவருக்கு உடனே புரிந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. எழுந்து போய்த் தேநீர் போட்டுக்கொண்டு வந்து அவள் முன்னால் வைத்தார். அப்போது அவள் அந்தப் பழைய கதையை, ஈய எழுத்தை, நடைபாதையை, ரெக்கார்டு அறையை எல்லாம் சொன்னாள். தேநீர் ஆறிப்போயிற்று.

"அவர் இப்போ எங்கே?" என்றார் கணவர்.

"ரிட்டயர் ஆயிட்டார். நம்பர் இருக்கு."

ஆறு வருடமாக அந்த எண் அவள் செல்போனில் 'இருட்டறை அண்ணன்' என்று இருந்தது. ஒருதடவைகூட அழுத்தியதில்லை. இப்போது அழுத்தினாள்.

"அண்ணே, நான்தான். எக்ஸ்ரே ரூம்ல இருந்தேனே..."

"அட, தங்கச்சியா! எப்படிம்மா இருக்கே? சாப்டியா?"

அந்த ஒரு கேள்வியிலேயே, யோசித்து வைத்திருந்த முன்னுரை எல்லாம் மறந்துபோயிற்று.

"அண்ணே, அந்த நெஞ்சுப் படம். டாக்டர் உங்களைத் திட்டினாரே. நீங்க திருப்பி மாட்டலை. எழுத்தை மாத்தி ஒட்டினது நான்தான்."

அந்தப் பக்கம் டிவி ஓடும் சத்தம் கேட்டது. பிறகு அது நின்றது.

"தெரியும்மா."

"தெரியுமா?"

"கழுவினவனுக்குத் தெரியாதா? படம் திரும்பியிருந்தா எழுத்தும் திரும்பித்தானே இருக்கணும். எழுத்து நேரா இருந்துச்சு. அந்த ஆளு கத்திக்கிட்டு இருக்கிறப்பவே பார்த்துட்டேன்."

"அப்புறம் ஏண்ணே சொல்லலை?"

"நீ சொல்லுவேன்னு பார்த்தேன். கொஞ்ச நாள் கோவமாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லக் கூடாது. தினமும் உன் ரூம் பக்கம் வந்து நின்னது சும்மா இல்லை. இன்னைக்குச் சொல்லுவா, நாளைக்குச் சொல்லுவான்னுதான். அப்புறம் அதுவே பழகிப்போச்சு. நிஜமாவே நீ சாப்டியான்னு கேட்க ஆரம்பிச்சுட்டேன்."

அவள் அழுவது அவருக்குக் கேட்டிருக்க வேண்டும்.

"பதினாலு வருஷமாவா மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இருந்தே?" என்றார். "போதும்மா. விடு."

விட்டாள். கணவர் எழுந்து உள்ளே போய்விட்டார். முன்னறையில் அவளும் போனும் நீலக் கோட்டுகளும் மட்டும் இருந்தன.

"அது கிடக்கட்டும்" என்றார் அவர், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "நீ இப்போ சூரியனையே எக்ஸ்ரே எடுக்கறியாமே? ஆளுங்க சொன்னாங்க. எனக்கு ரொம்ப நாளா ஒரு சந்தேகம். அதுக்கு ஏதும்மா இடது பக்கம், வலது பக்கம்?"

மூச்சக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு, வெட்டு மேசைக்குப் பக்கத்திலிருந்த முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அண்ணே, அதுல ஒரு பெரிய கூத்தே இருக்கு" என்று ஆரம்பித்தாள். "உங்களுக்கு நேரம் இருக்கா?"